வாசலில் நிற்கிறவருக்கு ஓர் இலை

பலர்மோ, இத்தாலி
2026 ஏப்ரல் 5

அண்ணி,

நீங்கள் என் நம்பரைத் தடுத்து வைத்து மூன்று வருடமாகிறது. அதனால்தான் தபால். நலம் விசாரிக்க எழுதவில்லை. விசாரித்தால் கிழித்துப் போடுவீர்கள். கிழிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அண்ணனைப் பற்றியது.

இங்கே நம் ஊர்ச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போனபோது பஸீர் என்று ஒருவர் நின்றார். மாத்தளை டவுன்காரர். திருவிழா நடக்கிற ஊர்களுக்கெல்லாம் வேனில் போய்க் குடையும் போர்வையும் விற்பது அவர் தொழில். நான் கடைக்காரரோடு பேசிய பேச்சை வைத்தே, "தங்கச்சி றத்தோட்ட பக்கமா?" என்று கேட்டார். அப்படியே பேச்சு வளர்ந்தது. இங்கே இந்தத் தீவிலேயே மலைக்குள்ளே ரொக்காமூரா என்று ஒரு பழைய ஊராம். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு தமிழ் ஆளைக் கண்டாராம். நம் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து ஆளாம். வலது கைவிரல்கள் நசுங்கிப் போனவர். பெயரைக் கேட்டதற்கு மகே என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலே பேச்சுக் கொடுக்காமல் படியேறிப் போய்விட்டாராம். சிரித்தால் ஒரு கண் மூடுமா என்று கேட்டேன். "ஓ, இடது கண்ணு" என்றார். கடையிலேயே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மகேஸ்வரன் அண்ணன் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம். அவர் குரலைக் கடைசியாகக் கேட்டு ஐந்து வருடம். விசாத் தாள் இல்லாமல் வந்த மனிதரை யாரிடம் போய்க் கேட்பது? நான் கல்யாணம் கட்டி இங்கே வந்த நாளிலிருந்து ரயிலில், சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில் கறுத்த மனிதர் யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மே முதலாம் திகதி லீவு. அன்றைக்குப் போகப் போகிறேன். உயிரோடிருந்தால் காதைப் பிடித்து உங்களோடு பேச வைப்பேன். இல்லையென்று ஆனால், செய்ய வேண்டியதை நீங்கள் செய்துதான் ஆகவேண்டும். பிள்ளை இல்லாத மனிதர். அவருக்கு இலை போட உங்களை விட்டால் யார்?

அம்மாவின் கருமாதியில் நான் செய்ததை நீங்கள் மன்னிக்கவில்லை என்று தெரியும். மன்னிக்கச் சொல்லவும் இல்லை. "எம் மகன் பசியோட அலையுறான்" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா கண்ணை மூடினாள். தாய்க்குத் தெரியாதா என்று நினைத்துச் செய்தேன்.

பதில் எழுதுவீர்களோ இல்லையோ, போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நிரோஜா


அலுவிகாரை
2026 ஏப்ரல் 21

நிரோஜாவுக்கு,

கிழிக்கவில்லை. உங்கள் எழுத்து உங்கள் அண்ணன் எழுத்து மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. போனைத் தடுத்ததும் பாதி அதனால்தான். நீங்கள் ஹலோ சொன்னால் அவர் சொல்வது மாதிரியே கேட்கிறது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு எழும்பி விழுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அவருக்குத் தெரிந்த நம்பரை மட்டும் இன்றைக்கும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

மீதிப் பாதி கோபம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும். மாமிக்குப் படையல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் லயத்து வாசலில் நின்றோம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும் வரை உயிரோடிருக்கிறவர் உள்ளே நிற்கக் கூடாது என்று நானும் அடக்க ஒடுக்கமாக வெளியே நின்றேன். கதவைத் திறந்தால் மாமி படத்துக்குப் பக்கத்தில் என் புருஷன் படம். கழுத்தில் மாலை, முன்னால் இலை. நான் பொட்டும் தாலியுமாக நிற்கிறேன். மாலையை அறுத்தேன், இலையைச் சுருட்டி வெளியே எறிந்தேன். இன்றைக்கு என்றாலும் அதைத்தான் செய்வேன். இருக்கிறவனுக்கு இலை போட்டால் ஆயுசு குறையும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

ஒரு விஷயத்துக்கு மட்டும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். போன நவம்பர் புயல் மழையில் மலை சரிந்து நம் மேல்கணக்கு லயம், அந்த வீட்டு வரிசை முழுக்க மண்ணுக்குள் போனது. நான் அதற்கு மூன்று மாதம் முன்பே இங்கே, அலுவிகாரைக்கு, வேலை தேடி வந்துவிட்டதால் பிழைத்தேன். மாடசாமி மாமா குடும்பத்தை இன்னும் தோண்டி எடுக்கவில்லை. டவர் எல்லாம் விழுந்து வாரக்கணக்காய்ப் போன் இல்லாமல் கிடந்தபோது, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று ஆள் விட்டுத் தேடியது நீங்கள் என்று வீட்டுக்காரி றஹீமா பிறகு சொன்னாள்.

றஹீமா வீட்டுப் பின்பக்க அறையில்தான் இருக்கிறேன். பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்தில் கராம்பும் கறுவாப்பட்டையும் பிரித்துப் பொட்டலம் கட்டுகிறேன். சுற்றுலா வருகிறவர்களில் உங்கள் இத்தாலிக்காரரும் உண்டு. அன்றைக்கு ஒருத்தி என் கையைப் பிடித்து மோந்து பார்த்துச் சிரித்தாள். உங்கள் ஊரில் என் புருஷனைக் கண்டாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

இனி எழுதப் போவதை நீங்கள் நம்பினாலும் சரி, எனக்குப் பைத்தியம் என்று சொன்னாலும் சரி.

மாசியில், சிவராத்திரி கழிந்த வாரத்திலிருந்து, பொழுதுபட்டு நான் விளக்கேற்றும் நேரம் பாண் மணம் வருகிறது. சுடச்சுட, மாவு வெந்து போறணை அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி. எனக்கு மட்டுமென்றால் மூக்கில் கோளாறு என்று விட்டிருப்பேன். றஹீமாவும் எட்டிப் பார்த்து, "இங்க எங்க பாண் போறணை ஈக்குது?" என்று கேட்டாள். மணம் வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் நிற்பார். மழை இல்லாத நாளிலும் நனைந்திருக்கிறார். தலையெல்லாம் வெள்ளை, நரையா சாம்பலா தெரியவில்லை. உள்ளே வருவதில்லை. நான் கிட்டப் போனால் பின்னுக்குப் போகிறார்.

எனக்குப் பயம் இல்லை, நிரோஜா. ஒரே பாயில் படுத்து எழும்பிய மனிதரிடம் என்ன பயம். அவர்தான் என்னைக் கண்டு பயப்படுகிறார். கண் இரண்டும் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, பேயைக் கண்ட ஆள் மாதிரி பார்க்கிறார். அதுதான் என்னைக் கொல்கிறது. நான் அவரைத் திட்டியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். என்னைக் கண்டு அவர் நடுங்கும்படி நான் என்ன செய்தேன்? என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் பின்னுக்குத்தான் போனார்.

அந்த ஊருக்குப் போக வேண்டாம். அவரை உயிரோடு கண்டால் என் வாசலில் நிற்பது யார்? இல்லையென்று கண்டால் இந்தத் தாலியை நான் என்ன செய்வது? இரண்டில் எதையும் கேட்க எனக்குச் சக்தி இல்லை. இந்தக் கடிதம் வருமுன் போய்விட்டிருந்தால், ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். அவர் தலை ஏன் வெள்ளை?

வேலம்மா


ரொக்காமூரா
2026 மே 1, இரவு

அண்ணி,

உங்கள் பதில் வரவில்லை. வராது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தூங்க முடியாததால் எழுதுகிறேன்.

ரயிலிலிருந்து இறங்கி, ஒரு சின்ன பஸ்ஸில் மலை ஏறி வந்தேன். நம் ரிவர்ஸ்டன் ரோட்டு மாதிரியே வளைவு வளைவாக, பாதி வழியில் மூடுபனி. பாறை உச்சியில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் அந்தக் காலத்து மதில், ஒரேயொரு வாசல். உள்ளே தெரு எல்லாம் கல்படி. பார்க்க அழகான ஊர்தான், பொய் சொல்லக் கூடாது. கோட்டை இருக்கிறது, சித்திரம் எழுதிய கோயில் இருக்கிறது, படம் பிடிக்கிறவர்கள் பகலில் நாலு பேர் வருகிறார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போனபின் ஊரில் ஆள் இல்லை. மூன்று வீட்டுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. சில வீட்டுக்குக் கூரையே இல்லை, ஆனால் கதவில் புதுப் பூட்டுத் தொங்குகிறது. எதைக் காக்கிறார்களோ.

பெரிய கோயிலுக்குக் கீழே இன்னொரு சின்னக் கோயில். கதவு முழுக்க மண்டையோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். கரையேறாமல் நடுவழியில் நிற்கிற ஆவிகளுக்கான கோயிலாம். வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். என்னால் அந்தப் படியில் கால் வைக்க முடியவில்லை.

நம் பக்கத்தில் கரண்ட் கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்களே, அதே வழக்கம் இங்கேயும் உண்டு. தெருமுனைச் சுவர்களில் செத்தவர் படமும் பெயரும் அச்சடித்து ஒட்டுகிறார்கள். பழசின் மேல் புதுசு, அதன் மேல் இன்னும் புதுசு. உயிரோடிருக்கிற முகங்களைவிடச் சுவரில்தான் அதிகம் முகங்களைப் பார்த்தேன்.

கோப்பிக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களிடம் மகே என்று ஒரு ஆள் இருந்தாரா என்று கேட்டேன். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருவர் மட்டும், ரொட்டிக்காரி கொன்சேத்தாவிடம் கேள் என்று கீழ்த்தெருவைக் கையால் காட்டினார். எழுந்து வரவில்லை.

பொழுதுபட்டு விட்டது. கீழ்த்தெருவில் திரும்பினதும் பாண் மணம். கடையில் விளக்கு எரிந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் தட்டை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, வணக்கம் அம்மா என்று அவர்கள் பாஷையில் சொன்னேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அண்ணி, அப்படி ஒரு பார்வையை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. தட்டு கையிலிருந்து விழுந்து பாண் எல்லாம் உருண்டது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டே பின்னுக்குப் போனாள். நான் ஒரு எட்டு வைத்ததும் கதவை அடித்துச் சாத்திவிட்டாள். உள்ளே அவள் மந்திரம் சொல்கிற சத்தம் கேட்டது.

நான் என்ன பேயா? அழுகையும் கோபமுமாகத் திரும்பி வந்தேன். படி ஏறும்போது மூச்சு வாங்கி ஒரு சுவரைப் பிடித்து நின்றேன். கைக்குக் கீழே ஒரு மரண அறிவித்தல். மழையில் ஊறி மேல்தாள் பிரிந்திருந்தது. அடித்தாளில் ஒரு நெற்றி, ஒரு கண், மூக்கில் பாதி. கறுத்த முகம். இடது கண்.

மிச்சத்தை உரிக்க எனக்குத் தைரியம் இல்லை. விடியட்டும். விடிந்ததும் அந்தப் பெண்ணின் கதவை உடைத்தாவது கேட்பேன்.

நிரோஜா


அலுவிகாரை
2026 மே 17

நிரோஜா,

அரை முகம் எனக்குப் போதும். அந்தக் கண் மூடுகிறதா திறந்திருக்கிறதா என்று நீ எழுதவில்லை. படம் பிடிக்கிறவன் சிரிக்கச் சொன்னால் அவருக்கு மூடிவிடும்.

உன் கடிதத்தில் பாண் மணம் என்று இருந்த இடத்தை றஹீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றும் வந்தார். நேற்றும் அதே பயம்.

விடிந்தபின் என்ன நடந்தது? பதினைந்து நாளாக நீ எழுதவில்லை. எனக்குப் பாவம் பார்த்து மறைக்கிறாய் என்றால் மறைக்காதே. எதையும் கேட்கச் சக்தி இல்லை என்று நான் எழுதியது பொய். என்றைக்கு, எப்படி, யார் கூட இருந்தார்கள்? அந்த ரொட்டிக்காரி அவருக்கு என்ன முறை? அதையும் எழுது. நான் தாங்குவேன்.

தாலியை இன்னும் கழற்றவில்லை. உன் வாயால் கேட்டபிறகுதான்.

வேலம்மா


பலர்மோ
2026 ஜூன் 3

அண்ணி,

அங்கிருந்து திரும்பி வந்தபோது உங்கள் ஏப்ரல் கடிதம் கதவுக்குக் கீழே கிடந்தது. அதைப் படித்தபிறகு என்னால் பேனையை எடுக்க முடியவில்லை. இப்போது இரண்டாவதும் வந்துவிட்டது. ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். றஹீமா அக்காவையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் போய்விட்டார். பெப்ரவரி இருபதாம் திகதி, வெள்ளிக்கிழமை. சிவராத்திரி கழிந்த வாரம்.

மறுநாள் காலையில் நான் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை. கொன்சேத்தாவே நான் தங்கிய இடத்துக்கு வந்தாள். வந்தவள் என் கன்னத்தைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து அழுதுகொண்டே, நீ செத்துப் போனவளாயிற்றே என்றாள்.

அவள் அண்ணனுக்கு எந்த முறையும் இல்லை. புருஷனும் பிள்ளைகளும் இருக்கிற குடும்பக்காரி. அண்ணன் அவள் போறணையில் மாவு பிசையும் மெஷினில் விரலைக் கொடுத்தவர். அதற்குப்பின் விறகு அள்ளுவதும் மாவு சலிப்பதுமாக அங்கேயே இருந்துவிட்டார். ஊருக்குப் பேசு என்று அவள் எத்தனையோ முறை சொன்னாளாம். இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன சொல்லிப் பேசுவது, கொஞ்சம் நிமிர்ந்தபிறகு பேசுகிறேன் என்பாராம். நிமிரவே இல்லை. வருடங்கள் போய்விட்டன. உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அதுதான், அண்ணி. தலையில் இருந்தது மாவு. எவ்வளவு கழுவினாலும் அவர் முடியிலிருந்து அது போகாது என்று கொன்சேத்தா சொன்னாள்.

நவம்பர் கடைசியில் யாரோ அனுப்பிய படத்தைப் போனில் பார்த்திருக்கிறார். நம் மேல்கணக்கு மலை வாய் பிளந்து இறங்கி, லயம் இருந்த இடத்தில் வெறும் செம்மண். ஐந்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உங்கள் நம்பருக்கு அடித்தார். ஒரு வாரம் அடித்துக்கொண்டே இருந்தார். நம்பர் அடிக்கவே இல்லை. டவர் விழுந்து கிடந்த நாட்கள் அவை. பிறகு போனைத் தூக்கிப் போறணை நெருப்பில் போட்டுவிட்டார். நீங்கள், அம்மா, நான், மூன்று பேரும் மண்ணுக்குள் என்று முடிவு கட்டிவிட்டார். அம்மா போய் மூன்று வருடமானதும் அவருக்குத் தெரியாது. நான் அவர் இருக்கிற தீவிலேயே இருப்பதும் தெரியாது.

போறணைக்குப் பின்னால் அவர் இருந்த அறையை அவள் அப்படியே வைத்திருக்கிறாள். மேசையில் உங்கள் கல்யாணப் படம். நாம் நாலு பேரும் நிற்கிற படம்தான். அதில் தன் பக்கத்தை மட்டும் பின்னுக்கு மடித்திருக்கிறார். மிச்ச மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு காய்ந்த பூமாலை. என் கழுத்திலும் அது விழுந்திருந்தது. அவருக்கு நான் போட்ட மாலையை அவர் எனக்குப் போட்டிருக்கிறார், அண்ணி. அந்த மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மாலையை அறுத்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் படையல் வைத்தாராம். வாழையிலைக்கு எங்கே போவது? குளிரிலும் உதிராத அகன்ற இலை ஒன்று இங்கே உண்டு. அதைப் பறித்து, முள்ளால் தைத்து மூன்று இலை. அம்மாவுக்குச் சோறும் பருப்பும். எனக்குப் பால்சோறு. உங்களுக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். உப்புப் பார்க்காமல் சமைக்கிறானே என்று கொன்சேத்தா சத்தம் போட்டிருக்கிறாள். அவர்கள் சாப்பிடுமுன் நான் ருசி பார்க்கலாமா என்று கேட்டாராம். அவர்களுக்கும் நவம்பரில் ஒரு நாள் செத்தவர்களுக்கு மேசையில் சாப்பாடு வைக்கிற வழக்கம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் வருடத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிறார்கள், உன் ஆட்களுக்கு மட்டும் ஏன் வாராவாரம் என்று கேட்டதற்கு, மண்ணுக்குள் போனவர்களுக்குப் பசி கூட இருக்கும் என்றாராம்.

வைத்துவிட்டு நம் வழக்கப்படி கதவைச் சாத்தி வெளியே நின்றிருக்கிறார். டிசம்பர், ஜனவரி. அந்தப் பாறை உச்சியில் அடிக்கிற காற்றையும் மழையையும் நீங்கள் கண்டதில்லை. போறணைச் சூட்டிலிருந்து வேர்த்த உடம்போடு, அதே சட்டையோடு, படியில். உள்ளே வா, போதும் என்று கொன்சேத்தா கூப்பிட்டால் வரமாட்டார். "எம் பொண்டாட்டி மெதுவாத்தான் சாப்பிடுவா" என்று அவர் சொன்னதைத் தமிழிலேயே கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகிவிட்டது. அர்த்தம் தெரியாமல் என்னிடம் சொல்லிக் காட்டினாள். அவள் வாயிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். கொன்சேத்தாவும் அவள் புருஷனும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். கடைசியில் அவருக்கு வருத்தமே இல்லையாம். தலையை வாரிவிடச் சொன்னாராம். அங்கே மூன்று பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகவே போனாராம்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் பெட்டியை வைத்து மூட நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். பூ வைத்து, கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

அவர் ஏன் உங்களைக் கண்டு பயப்படுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். கொன்சேத்தா என்னை முதலில் பார்த்த பார்வையை நினைத்துப் பாருங்கள். அதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

நிரோஜா


அலுவிகாரை
2026 ஜூலை 16

நிரோஜா,

உன் கடிதத்தை வாசித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. விரல் போனால் போகட்டும், நான் விரலையா கல்யாணம் கட்டினேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பேசியிருந்தால் இத்தனையும் இல்லையே. கராம்பு பிரிக்கிற இடத்திலிருந்து சத்தமாகத் திட்டினேன். கூட வேலை செய்கிறவர்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அழுகை பிறகு வந்தது. ரொட்டி தின்னும்போது. நான் மெதுவாகத்தான் சாப்பிடுகிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம் இப்போது எனக்கும் விளங்குகிறது. போன இடத்தில் என்னைத் தேடியிருப்பார். மாமி இருந்திருப்பாள், நாம் இரண்டு பேரும் இல்லை. தேடித் தேடி இங்கே வந்து பார்த்தால், செத்துப் போன பொண்டாட்டி விளக்கேற்றிக்கொண்டு நிற்கிறாள். பாவம், மனிதர் பயப்படாமல் என்ன செய்வார். நான்தான் அவருக்குப் பேய்.

அமாவாசைக்காகக் காத்திருந்தேன். நேற்றைக்கு முந்தின நாள் தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை, நானே செய்துகொண்டேன். பிறகு சமைத்தேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்த பலாக்கொட்டை. றஹீமா வாழையிலை வெட்டித் தந்து, தன் பங்குக்கு ஒரு தேங்காயும் தந்தாள். உப்புப் பார்க்கவில்லை. ஒரே இலை போட்டேன்.

வழக்கப்படி கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். எழுந்து வாசல் வரைக்கும் போனேன். கதவில் கையும் வைத்தேன். அந்தப் படியில் அவர் நின்ற நினைப்பு வந்தது. யாருக்காக நின்றாரோ அந்த ஆள் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்க, குளிரில் நின்று செத்த மனிதர். இனி எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். முறை கெட்டால் கெடட்டும். கதவை விரியத் திறந்துவிட்டு இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

பொழுதுபட்டது. பாண் மணம் வந்தது. வந்து நின்றார். அதே ஈரச் சட்டை, அதே மாவுத் தலை, அதே பயம். என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தார்.

யாரும் அவருக்குச் சொல்லவில்லையே, நிரோஜா. நான்தானே சொல்ல வேண்டும்.

"பயப்படாதீங்க," என்றேன். "நான் சாகலைங்க. மலை எறங்கினப்ப நான் அங்க இல்ல. நீங்கதான் செத்துட்டீங்க. உங்களுக்குத்தான் இந்த எல. உள்ள வந்து சாப்பிடுங்க."

பின்னுக்கு எடுத்த காலைத் திரும்ப முன்னுக்கு வைத்தார். பிறகு சிரித்தார். இடது கண் மூடியது.

உள்ளே வந்தாரா என்று கேட்காதே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பிடுகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை, மணமும் இல்லை. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. காக்கைக்கு ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை நானும் றஹீமாவும் சாப்பிட்டோம். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நேற்று வரவில்லை. இன்றைக்கும் விளக்கேற்றிவிட்டு இருட்டும் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சாம்பிராணி மணம்தான் வந்தது. வராமல் இருப்பதுதான் நல்லது என்று தெரியும். தெரிந்தும் தாங்கவில்லை.

அவர் படத்தை எடுத்துத் துடைத்து மாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாலை நான் போடவில்லை. அது உன் வேலை. லீவு கிடைக்கும்போது வா, வந்து நீ போடு. உன் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஹலோ சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்.

உன் அண்ணி
வேலம்மா